சுவருக்கு அந்தப்புறத்துப் பாட்டு

குழு: அல்சூர் வீடு

கயல் – காலை 7:40
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் எண்பத்தைந்தாவது பிறந்தநாளன்று எல்லோரும் கூடிப் பழைய பாடல்களைப் பாடுவது என்று முடிவாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பாடலைச் சொல்லுங்கள்; அந்தப் பாடல் ஏன் என்பதையும் எழுதுங்கள். தமிழாசிரியராக இருந்த தாத்தாவின் வீட்டுப் பெயரால் நடக்கும் குழு இது என்பதால், கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு யாரும் நழுவ முடியாது.

பெரியப்பா – காலை 8:05
எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய ‘காலங்களில் அவள் வசந்தம்’. கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் கண்ணன் தன்னை மாதங்களில் மார்கழி என்றும் பருவங்களில் வசந்தம் என்றும் சொல்லிக்கொள்கிறான் அல்லவா, அந்த அடுக்கை அப்படியே எடுத்துக் காதலிக்குச் சூட்டிவிட்டார் கண்ணதாசன். கடவுள் தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு மனிதன் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்கிறபோது, அதைக் கொஞ்சம் உரக்கப் பாடியிருந்தாலும் வெறும் புகழுரையாகப் போயிருக்கும். ஸ்ரீனிவாஸ் அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடியிருக்கிறார்.

லலிதா அத்தை – காலை 8:21
அண்ணா, டி.எம்.எஸ். பாடினால்தான் அது ஆண்குரல், மற்றதெல்லாம் தாலாட்டு என்று சொல்லி, ஸ்ரீனிவாஸ் பாட்டு வந்தவுடன் வானொலியின் திருகை நீங்கள் திருப்பிவிடுவதும், நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவதும் வீட்டில் எத்தனை முறை நடந்தது என்று கயலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பெரியப்பா – காலை 8:34
குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் லலிதா. டி.எம்.சௌந்தரராஜன் மீது இன்றைக்கும் எனக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் 1962இல் வந்த ‘படித்தால் மட்டும் போதுமா’ படத்தில் ‘பொன் ஒன்று கண்டேன்’ பாடலை இருவரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள்; சிவாஜிக்கு அவர், பாலாஜிக்கு இவர். சிறுவனாக இருந்தபோது அதில் சௌந்தரராஜனின் வரிகளை மட்டும் நான் கூடவே பாடுவேன், மற்ற வரிகள் வரும்போது மூச்சு வாங்கிக்கொள்வேன். அந்த மற்ற வரிகளுக்காகவே அந்தப் பாடலைத் திரும்பக் கேட்கத் தொடங்கியது ஐம்பது வயதுக்குப் பிறகுதான்.

முரளி அண்ணன் – காலை 9:02
அப்பா, அப்படியானால் ‘மயக்கமா கலக்கமா’ பாடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘சுமைதாங்கி’, அதே 1962. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் மனம் சோர்ந்து ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்த வாலியைப் பார்க்க வந்த ஸ்ரீனிவாஸ், அப்போதுதான் பாடிவிட்டு வந்த அந்தப் பாடலைப் பாடிக் காட்ட, அதைக் கேட்டபின் வாலி பயணத்தைக் கைவிட்டார். இதை வாலியே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாட்டை எழுதியவர் கண்ணதாசன். தமக்குப் போட்டியாக வளரப்போகிறவரைத் தம் பாட்டே ஊர் போகாமல் பிடித்து வைத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, சிலிர்ப்பாகவும் இருக்கிறது.

சித்தப்பா – காலை 9:10
எல்லோரும் அறுபதுகளிலேயே நிற்கிறீர்கள். என் பாட்டு ‘மச்சானைப் பாத்தீங்களா’. ‘அன்னக்கிளி’, 1976, எஸ்.ஜானகி. காரணம் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நேத்ரா அண்ணி – காலை 9:48
எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மல்லேஸ்வரத்துக் கன்னட வீட்டில் பிறந்தவள் தமிழில் எழுதுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். மாமா, நீங்கள் எல்லோரும் உங்கள் பாடகர் என்று சொல்லும் அந்த ஸ்ரீனிவாஸ் எங்கள் வீட்டில் கன்னட நடிகர் ராஜ்குமாரின் குரல். எட்டு வயது வரை, ராஜ்குமார்தான் பாடுகிறார் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ராஜ்குமார் சரீரம், ஸ்ரீனிவாஸ் சாரீரம் என்று எங்கள் தாத்தா சொல்வார். 1974இல் ‘சம்பத்திகே சவால்’ படத்தில் ராஜ்குமார் பாடிய பாட்டு பெரிய வெற்றி பெற்று, அதற்குப் பிறகு அவரே தமக்குப் பாடிக்கொள்ளத் தொடங்கியபோது, தாத்தா பல நாள் வருத்தத்தோடு இருந்தாராம். என் தேர்வு ‘கஸ்தூரி நிவாஸ’ படத்தில் வரும் ‘ஆடிசி நோடு’. அதற்கு இசையமைத்தவர் ஜி.கே.வெங்கடேஷ். சித்தப்பாவுக்கு ஒரு செய்தி: இளையராஜா தனியாக இசையமைப்பதற்கு முன்பு அவரிடம்தான் உதவியாளராக இருந்தார். ஆகவே உங்கள் ‘அன்னக்கிளி’யும் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் வந்தது.

சித்தப்பா – காலை 9:51
நேத்ரா பக்கம் நியாயம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

லலிதா அத்தை – காலை 10:30
நேத்ரா, நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழைய வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது. பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்தது ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகளில் ஒன்றில். இந்தப் பக்கம் எங்கள் மர்ஃபி வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலி, சிற்றலையில் ஏறி இறங்கி, சில நேரம் கடல் இரைச்சலோடு வரும். அந்தப் பக்கம் கன்னட ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பெங்களூர் நிலையம், எந்தக் கரகரப்பும் இல்லாமல். ஒருநாள் மாலை எங்கள் பெட்டி பழுதாகிப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, சுவருக்கு அந்தப்புறம் ஸ்ரீனிவாஸ் பாடிக்கொண்டிருந்தார். அம்மா கையில் அரிசி முறத்தோடு அப்படியே நின்று, ‘நம் பாட்டு அவர்கள் வீட்டுக்கு எப்படிப் போயிற்று?’ என்று கேட்டாள். சொல் ஒன்றும் புரியவில்லை, குரல் மட்டும் தெரிந்தவருடையது. அப்பா விளக்கிச் சொன்ன பிறகும் அம்மா பாதிதான் நம்பினாள். ஆனால் அன்றிலிருந்து நம் வானொலியை அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

முரளி அண்ணன் – காலை 10:44
இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1971இல் வந்த ‘கஸ்தூரி நிவாஸ’தான் 1975இல் சிவாஜி நடிக்க ‘அவன்தான் மனிதன்’ என்று தமிழுக்கு வந்தது. கன்னடத்தில், ஆட்டிப் பார், சாய்த்துப் பார், இந்தப் பொம்மை விழாது, யாருக்கும் தலைவணங்காது என்று ராஜ்குமார் ஒரு குழந்தையிடம் பொம்மையைக் காட்டிப் பாடுவார். தமிழில் கண்ணதாசன் அதே ஆட்டத்தை எடுத்து, ‘ஆட்டுவித்தால் யாரொருவர் ஆடாதாரே கண்ணா’ என்று தலைகீழாக மாற்றிவிட்டார். ஒரே கதைதான்; அங்கே பொம்மை பணிய மறுக்கிறது, இங்கே நாமெல்லோருமே பொம்மை.

பெரியப்பா – காலை 11:02
தமிழில் அதைப் பாடியவர் யார் என்பதையும் சொல்லிவிடு முரளி. டி.எம்.சௌந்தரராஜன். சண்டை சமமாக முடிந்தது என்று லலிதாவிடம் சொல். ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: அந்தக் கன்னடப் பாட்டின் துணிச்சலைத் தமிழ்ப் பாட்டின் சரணாகதியோடு ஒப்பிட்டால், எந்த வயதில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து என் வாக்கு மாறும். இன்றைக்குக் கேட்டால் கன்னடத்துக்குத்தான்.

நேத்ரா அண்ணி – காலை 11:05
மாமாவின் இந்தச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

கயல் – காலை 11:20
உங்கள் யாருக்குமே தெரியாத ஒன்றை நான் சேர்க்கலாமா? ஸ்ரீனிவாஸின் தாய்மொழி தெலுங்கு, பிறந்தது காக்கிநாடா. நாம் தமிழர் என்றும் அண்ணி வீட்டார் கன்னடர் என்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரியப்பா – காலை 11:23
எனக்குத் தெரியும். வாதத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சொல்லவில்லை. சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில், சட்டைப்பையில் பல நிறப் பேனாக்களோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அருகில் போய்ப் பேசத் தயங்கினேன். திருகைத் திருப்பிய கை அல்லவா.

கயல் – பிற்பகல் 1:15
பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாட்டிக்கு எது வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

லலிதா அத்தை – பிற்பகல் 1:40
இப்போதுதான் கேட்டேன். பாட்டின் பெயர் நினைவில்லை, சுவருக்கு அந்தப்புறத்துப் பாட்டு என்றாள். பொம்மைப் பாட்டா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள்.

நேத்ரா அண்ணி – பிற்பகல் 1:44
அதை நான் பாடுகிறேன் அத்தை. இரண்டாவது சரணம் மட்டும் எனக்கு வராது. எழுதிவைத்துக்கொண்டு பாடினால் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார் அல்லவா?

லலிதா அத்தை – பிற்பகல் 1:46
சொல் அவளுக்கு இன்றைக்கும் புரியாது. தைரியமாகப் பாடு.