டர்போ விசில் சத்தம், வண்டி இழுக்கல

லோடுவண்டி: மேட்டுல ஏறும்போது புல்லிங் சுத்தமா இல்ல, கருப்புப் புகை வருது, விசில் மாதிரி சத்தமும் கேக்குது, டர்போவ (இன்ஜினுக்குக் காத்த அழுத்தி அனுப்புற பாகம்) மாத்தித்தான் ஆகணுமா?

ஸ்பேனர்: அவசரப்படாதீங்க. கருப்புப் புகைன்னா காத்து பத்தலன்னு அர்த்தம், மொதல்ல இன்டர்கூலர் (டர்போலேருந்து வர்ற சூடான காத்த ஆத்துறது) ஹோஸ், கிளாம்ப், ஏர் ஃபில்டர் பாருங்க, வெடிப்பு இருந்தா அதுலயே விசில் வரும். அப்புறம் இன்ஜின் ஆறினதும் டர்போ ஷாஃப்ட்ட கையால ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம், முன்ன பின்ன ஆடினாலோ டர்போ உள்ள சுத்துற வீல் அதோட கூட்டுல (ஹவுசிங்) உரசினாலோ டர்போ போச்சு.

டீசல்தம்பி: நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், டர்போவோட ஆயில் ரிட்டர்ன் பைப் அடைப்பையும் பாருங்கண்ணே. காரணத்த சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் போயிரும்.

ஸ்பேனர்: ஆமா தம்பி. லோடு இழுத்துட்டு வந்ததும் உடனே ஆஃப் பண்ணாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விடுங்க.

லோடுவண்டி: ஹோஸ்லதான் வெடிப்புண்ணே, நன்றி!