ரஷ்ய பொம்மைக்குள்ள கடைசியா யாரு? க்ஸவியே மேல ஏன் இவ்ளோ காண்டு

மொட்டைமாடி:
நேத்து நைட்டு தூக்கம் வராம செட்ரிக் கிளாபிஷோட ரஷ்ய பொம்மைகள் படத்த திரும்பப் போட்டேன், 2005ல வந்தது, பிரெஞ்சுல லே பூப்பே ரூஸ். தெரியாதவங்களுக்கு: 2002ல பார்சிலோனால ஒரே ஃபிளாட்ல ஏழெட்டு நாட்டுப் பசங்க எராஸ்மஸ்னு ஐரோப்பிய மாணவர் ஸ்காலர்ஷிப்ல வந்து கூத்தடிச்சாங்கல்ல, அந்தப் படத்தோட ரெண்டாம் பாகம். ஹீரோ க்ஸவியேக்கு இப்ப 30 வயசு. எழுத்தாளர் ஆகணும்னு வேலைய விட்டவன் இப்ப டிவிக்கு மொக்க காதல் கதை எழுதிட்டு, ஒரு மாடல் பொண்ணோட சுயசரிதைய அவளுக்காக எழுதிக்குடுத்துட்டு, பாரிஸ், லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு பொண்ணு பொண்ணா தாவிட்டு இருக்கான். அவ்ளோதான் கதை. படம் வந்தப்ப நிறைய விமர்சகர்கள் ஹீரோ தன்னைத்தானே ரசிக்கிறான், டைரக்டர் ஸ்க்ரீனை ரெண்டா மூணா வெட்டி ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணி வித்தை காட்டுறாரு, முதல் படத்துல இருந்த கூட்டம் போயி இவன் ஒருத்தன் புலம்பல்தான் மிச்சம்னு எழுதினாங்க. அப்ப எனக்கு செம கோவம் வந்துச்சு, இப்ப பாத்தா அவங்க சொன்னது கரெக்ட்தான்னு தோணுது. முதல் படம் ஒரு வீட்டைப் பத்தின படம், இது ஒரு ஆளைப் பத்தின படம், அந்த ஆளும் அவ்ளோ சுவாரஸ்யம் இல்ல.

கடைசிரீல்:
தல, உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க. வீட்டைப் பத்தின படத்துக்கு ரெண்டாம் பாகம் எப்படி எடுப்பீங்க? எல்லாரையும் திரும்ப ஒரே ஃபிளாட்ல அடைச்சா சீரியல் ஆயிடும். காலேஜ் கேங் கலைஞ்சப்புறம் அவனவன் அவன் பொழப்பைப் பாக்கப் போயிடுவான், அப்பறம் எவன் கல்யாணத்துலயாவதுதான் மொத்தமா பாப்போம். படத்துலயும் அதேதான், பழைய ஃபிளாட்மேட் வெண்டியோட தம்பி வில்லியம் கல்யாணத்துக்குத்தான் எல்லாரும் ரஷ்யாவுக்கு வராங்க. அதுக்கு மேல என்ன கூட்டம் வேணும் உங்களுக்கு? அப்பறம் டிவி ஸ்க்ரிப்ட் மேட்டர். தயாரிப்பாளருங்க அவன்கிட்ட க்ளிஷேவா எழுதுன்னு கேக்குறாங்க, இவன் மனசுக்குள்ள திட்டிட்டே எழுதுறான், ஆனா இவன் வாழ்க்கையும் அதே க்ளிஷேவாத்தான் ஓடுது. விமர்சகர்கள் இதைத்தான் படத்தோட குறைன்னு எழுதினாங்க, ஜோக்கே அதுதான் பாஸ்.

மொட்டைமாடி:
இந்த "தெரிஞ்சேதான் பண்ணாரு" கதை எல்லா மொக்கைக்கும் சொல்லலாம். ரசத்துல உப்பு ஜாஸ்தின்னா நான் உப்பைப் பத்தின ரசம்தான் வெச்சேன்னு சொல்ற மாதிரி. க்ளிஷேவ கிண்டல் பண்ணிட்டு, கடைசியில கல்யாண வீட்டுல ஹீரோயின் வெண்டியோட சேத்தும் வெச்சா அது என்ன கிண்டல்?

பாப்கார்ன்பாண்டி:
உப்பைப் பத்தின ரசம் 😂😂 செத்தேன்

லாஷப்பல்வாசி:
வணக்கம். நான் பாரிஸ்ல இருக்கிறனான், இந்தப் படத்தை இங்க தியேட்டர்லதான் பாத்தனான், ஹோல் நிறைய சனம். விமர்சனம் எப்பிடி இருந்தாலும் சனம் வந்தது, முதல் படம் மாதிரியே இதுவும் இங்க இருபது லட்சம் டிக்கெட்டைத் தாண்டி ஓடினது எண்டதையும் சொல்லோணும். எனக்கு அந்தப் படத்தில பிடிச்சது ரயில். க்ஸவியே வெண்டியோட சேந்து ஸ்க்ரிப்ட் எழுத லண்டனுக்குப் போய்ப் போய் வருவான். லண்டன் போற அந்த யூரோஸ்டார் ரயில் வெளிக்கிடுற கார் து நோர்ட் ஸ்டேசனும் எங்கட தமிழ்ச் சனம் இருக்கிற லா ஷப்பலும் நடக்கிற தூரம்தான், எங்கட ஆக்களும் லண்டன்ல சொந்தம் பாக்க அதாலதான் போறவை. அப்ப ரயில் லண்டன்ல வாட்டர்லூ ஸ்டேசனுக்குப் போகும், செயின்ட் பாங்க்ராஸுக்கு மாத்தினது 2007இல. ஒரு நகரத்தில வேலை, இன்னொரு நகரத்தில மனசு, எங்க நிக்கிறம் எண்டு தெரியாத அந்தக் களைப்பை அந்தப் படம் சரியாப் பிடிச்சது. ஸ்க்ரீனை வெட்டினது வித்தை எண்டு தம்பி சொல்லுறார், எனக்கு அது அந்த அலைச்சல் மாதிரித்தான் இருந்தது.

மொட்டைமாடி:
அண்ணே, ரயில் பாயிண்ட் ஒத்துக்குறேன், அந்த லண்டன் போர்ஷன் எனக்கும் பிடிக்கும். வெண்டியா நடிச்ச கெல்லி ரைலி வர்ற எல்லா சீனும் பிடிக்கும். என் பிரச்சன அவ இல்லாத சீன்தான், அதான் பாதிப் படம்.

வெண்டிகட்சி:
சரி நான் வரேன். ரெண்டு பேரும் முக்கியமான சீனை விட்டுட்டு ரசம் வெச்சிட்டு இருக்கீங்க. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரோஸி தெருன்னு ஒண்ணு இருக்கு. அகலம் 22 மீட்டர், கட்டடங்களோட உயரமும் 22 மீட்டர், நீளம் 220. அளவு பிசகாத தெரு. அந்தத் தெருவுல மாடல் பொண்ணு செலியா நடந்து போறா, க்ஸவியே அவ பின்னாடியே பாத்துட்டுப் போறான், அழகுன்னா இப்படி அளவெடுத்த மாதிரி இருக்கணும்னு அவன் மண்டைக்குள்ள ஓடுது. இதுக்கு எதிரா ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல வெண்டி பேசுற சீன். அவன் பொய் சொல்லிட்டு மாஸ்கோவுக்கு செலியாவைப் பாக்கக் கிளம்புறான், அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் நின்னு சொல்றா, உன்கிட்ட இருக்குற கோணல்மாணல், குறை எல்லாத்தையும் சேத்துத்தான் எனக்குப் பிடிச்சிருக்குன்னு. கெல்லி ரைலி அந்த சீன்ல நடிக்கவே இல்ல, மூச்சு வாங்கிட்டு நிக்குறா அவ்ளோதான். இந்த ரெண்டு சீனும்தான் படம், மத்ததெல்லாம் நடுவுல ஒட்டவெச்சது.
ஆனா இங்கதான் எனக்கு டைரக்டர் மேலயும் கடுப்பு. அளவெடுத்த அழகு சும்மான்னு சொல்ற படம், கேமராவை மட்டும் அந்தத் தெருவுல அந்தப் பொண்ணு பின்னாடி அவ்ளோ நேரம் ஏன் அனுப்புது? க்ஸவியே கண்ணுல பாக்குறோம்னு சொல்வீங்க. சரி, வெண்டி கண்ணுல எப்போ பாத்தோம்?

கடைசிரீல்:
அக்கா, நல்ல கேள்வி, ஆனா முதல் படத்துலேர்ந்து எல்லாமே அவன் சொல்ற கதைதானே. லேப்டாப் வெச்சு அவன் எழுதுறதைத்தான் நாம பாக்குறோம். அவன் கண்ணு கோணல்னா படமும் கோணலாத்தான் தெரியும்.
அப்பறம் வில்லியமை யாருமே பேசல. முதல் படத்துல நாடு நாடா கேவலமா ஜோக் அடிச்சு எல்லார்கிட்டயும் திட்டு வாங்குன வெண்டி தம்பி. இதுல ஒரு ரஷ்ய பாலே டான்சரைப் பாத்து, அவளுக்காக ஒரு வருஷம் ரஷ்ய மொழி படிச்சுட்டுக் கிளம்பிப் போறான். அந்தப் பொண்ணா நடிச்ச எவ்கேனியா ஒப்ரஸ்த்சோவா அப்ப நிஜமாவே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி தியேட்டர் டான்சர். இன்னொண்ணு, நீங்க சொன்ன அதே ரோஸி தெருவுலதான் வகானோவா பாலே அகாடமி இருக்கு. ஒருத்தன் அந்தத் தெருவுல அழகைப் பாத்துட்டே நடக்குறான், இன்னொருத்தன் பாலே பொண்ணுக்காக உக்காந்து இலக்கணம் படிக்குறான். க்ஸவியே எப்படிப்பட்டவன்னு படத்துக்கு நல்லாவே தெரியும், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

மொட்டைமாடி:
இது நல்லா இருக்கு, நான் யோசிக்கல. ஆனா அப்ப வில்லியமைத்தானே ஹீரோவா போட்டிருக்கணும் 🙂

பாப்கார்ன்பாண்டி:
எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி, க்ஸவியே தாத்தாவைப் பாக்குறதுக்கு பழைய ஃபிளாட்மேட் இசபெல்லை வருங்கால மனைவின்னு கூட்டிட்டுப் போற சீன் போதும். அவளுக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும், கவுன் போட்டுட்டு நடக்கவே கஷ்டப்படுவா, விழுந்து விழுந்து சிரிச்சேன். இசபெல்லா நடிச்ச செசில் த ஃப்ரான்ஸுக்கு சும்மாவா சேஸார்ங்குற பிரெஞ்சு சினிமா அவார்டு குடுத்தாங்க, முதல் படத்துக்கு புதுமுகம்னு ஒண்ணு, இதுக்குத் துணை நடிகைன்னு இன்னொண்ணு. விமர்சகருங்க திட்டுனாங்க திட்டுனாங்கன்னா அந்த அவார்டை யாரு குடுத்தாங்களாம்

வெண்டிகட்சி:
சேஸார் சினிமாக்காரங்க ஓட்டு போட்டுக் குடுக்குறது, பத்திரிகைக்காரங்க இல்ல. ஆனா அவார்டு தகுதியானதுதான், சண்டை இல்ல.

லாஷப்பல்வாசி:
ஒரு விசயம். இங்க கனபேர் க்ஸவியேயை டைரக்டர் த்ரூஃபோவின்ர படங்களில வாற அந்துவான் துவானெல் எண்ட ஹீரோவோட வைச்சுப் பாக்கிறவை. 1959இல பொடியனா வந்து 1979 வரைக்கும் அதே நடிகரை வைச்சு அஞ்சு படம். அந்த அளவுகோலை வைச்சாத்தான் கிளாபிஷ் குள்ளமாத் தெரியுறார். துவானெலும் பொய் சொல்லுறவன்தான், பெட்டையளைக் கலைச்சுத் திரியுறவன்தான், அவனை ஒருத்தரும் சுயநலக்காரன் எண்டு ஏசினதா நான் வாசிக்கேல்ல, கறுப்பு வெள்ளையில இருந்தா மன்னிப்புக் கிடைக்கும் போல.

மொட்டைமாடி:
அண்ணே கடைசி மூணு துவானெல் படமும் கலர் 😄

லாஷப்பல்வாசி:
சரி தம்பி, பிடிச்சிட்டீர். ஆனா நான் சொன்னது விளங்கினதுதானே.

மொட்டைமாடி:
விளங்குது, ஆனா ஒரு வித்தியாசம். துவானெல் கடைசியில வந்து பொண்ணுங்க எல்லாம் ரஷ்ய பொம்மை மாதிரி, ஒண்ணத் திறந்தா இன்னொண்ணு, உள்ள இருக்குற அந்தக் கடைசி குட்டி பொம்மை யாருன்னு தேடித்தான் வாழ்க்கை போகுதுன்னு நமக்கு க்ளாஸ் எடுக்கல. இந்தப் படம் எடுக்குது. பிளாட்ஃபார்ம் சீன்ல வெண்டி சம்பாதிச்ச எல்லாத்தையும் அந்த ஒரு வாய்ஸ் ஓவர் காலி பண்ணிடுச்சு. குறையோட பிடிச்சிருக்குன்னு சொன்ன பொண்ணைக் கொண்டுபோய் கடைசி பொம்மைன்னு சொன்னா, மறுபடி அளவெடுத்துத்தானே பாக்குறான்?

வெண்டிகட்சி:
இத... நான் டைப் பண்ணிட்டு இருந்தேன். ஆமா.

கடைசிரீல்:
ஸ்பாய்லர், 2013 படம் பாக்காதவங்க தாண்டிப் போங்க.
.
.
மூணாவது பாகத்துல வெண்டியும் இவனும் பிரிஞ்சாச்சு. அவ வேற ஒருத்தனுக்காகப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு நியூயார்க் போயிடுறா, இவன் பின்னாடியே போயி அங்க மூலையில கெடந்து தவிக்கிறான், கடைசியா சேருறது யாரோடன்னு பாத்தா மார்த்தீன், முதல் படத்துலயே பிரிஞ்சுபோன பழைய லவ்வர். கடைசி பொம்மைன்னு 2005ல பெருமையா சொன்னவனோட மூக்கை எட்டு வருஷம் கழிச்சு அதே டைரக்டர் உடைக்கிறாரு. அந்த வாய்ஸ் ஓவர் படத்தோட கருத்து இல்ல, 30 வயசுப் பையனோட உளறல்.

மொட்டைமாடி:
எட்டு வருஷம் கழிச்சு வந்த படத்தை வெச்சு 2005 படத்துக்கு வக்காலத்து வாங்குறது செல்லாது பாஸ். அன்னைக்குத் தியேட்டர்ல உக்காந்தவன்கிட்ட அது இல்ல.

கடைசிரீல்:
தொடர்படம்னாலே முன்னாடி படத்தைத் திருத்துறதுதானே?

வெண்டிகட்சி:
அப்ப வெண்டியும் ஒரு பொம்மைதான்னு முடிஞ்சுபோச்சு, இதுல எனக்கென்ன ஆறுதல். மூணாவது படத்தை நான் இதுனாலதான் பாதியில நிறுத்தினேன்.

பாப்கார்ன்பாண்டி:
பசங்க வளர்ந்து ஏதென்ஸ் போற சீரிஸ் ஒண்ணு 2023ல பிரைம்ல வந்துச்சே, கிரேக்க சாலட்னு. க்ஸவியே வெண்டி பிள்ளைங்க கதை. அதுக்குத் தனி திரி போடவா?

மொட்டைமாடி:
போடு. ரசம் நான் கொண்டு வரேன்.