ஹாலந்தா, நெதர்லாந்தா?

மஞ்சப்பை: ஆம்ஸ்டர்டாமுக்கு வேலைக்குப் போகிற நண்பனுக்கு வாழ்த்து அட்டையில் 'ஹாலந்து' என்று எழுதினேன், நெதர்லாந்துடா என்கிறான். இரண்டும் ஒன்றுதானே? அப்புறம் அந்த ஊர்க்காரர்களை ஏன் டச்சுக்காரர் என்கிறோம்?

திண்ணைவாசி: ஒன்றில்லை. நெதர்லாந்தில் மொத்தம் 12 மாகாணங்கள், அதில் வட ஹாலந்து, தென் ஹாலந்து இரண்டுக்குத்தான் அந்தப் பெயர். ஆம்ஸ்டர்டாம் வடக்கில், ராட்டர்டாமும் ஹேக்கும் தெற்கில். வியாபாரமும் கப்பலும் பெரும்பாலும் இந்தப் பக்கமே இருந்ததால் வெளியே நாட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2020 முதல் அரசே தன் விளம்பரங்களில் ஹாலந்தை விட்டுவிட்டது.

இலக்கணப்புலி: நெதர்லாந்தை ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் 'தி' போடுங்கள். 'தாழ்நிலங்கள்' என்று பொருள், பன்மை வடிவம், ஆனால் 'தி நெதர்லாந்த்ஸ் இஸ்' என்று ஒருமையில்தான் முடிப்பார்கள். எனக்கும் இது ரொம்ப நாள் குழப்பம். டச்சு என்பது ஜெர்மானியர் தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'டாய்ச்'சின் உடன்பிறப்பு.

கடலோரம்: டச்சுக்காரரைச் சொல்லும் நம் 'ஒல்லாந்தர்' மட்டும் எங்கிருந்து வந்ததாம்? ஹாலந்துதான். 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள்.

மஞ்சப்பை: சரி, அவன் போவது ஆம்ஸ்டர்டாம்தானே, ஹாலந்துக்கு முன்னால் 'வட' என்று செருகிவிட்டேன். புது அட்டை வாங்கும் செலவு மிச்சம்.