பின்பக்கம் இடதுபுறம் சாயும் பழைய பிக்கப்: ஸ்பிரிங் பட்டையை மாத்துறதா, சேசிஸை முதல்ல பார்க்கிறதா?

டபுள்கேப் கேட்டது:

20 வருஷப் பிக்கப். ஏணி வடிவ சேசிஸ் (வண்டியைத் தாங்குற அடிச்சட்டம்), முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கத்தால ஸ்பிரிங் வேலை செய்யுற கம்பி), பின்னாடி ஐந்து பட்டை லீஃப் ஸ்பிரிங். வண்டியைக் காலியா சமதளத்துல நிறுத்தினா பின் இடது வீல் ஆர்ச் வலதைவிட 35 மி.மீ. தாழ்ந்து நிக்குது. லோடோட வேகத்தடை இறங்கும்போது இடப்பக்கம் 'டங்'குன்னு ஒரு சத்தம். பட்டையோட முன்கண் (முன்முனை வளையம்) மாட்டுற பிராக்கெட்டுக்கு மேல, சேசிஸ் பக்கவாட்டுல துரு செதில் செதிலா உரியுது. புதுப் பட்டை ஜோடி போட்டா சாய்வு போயிடுமா? துருவுக்கு கன்வெர்ட்டர் (துருவை மாத்துற ரசாயனம்) அடிச்சு, மேல ரப்பர் அண்டர்கோட் (வண்டி அடியில பூசுற பூச்சு) பூசிடலாம்னு யோசனை. சரியா?

மட்டக்கோல்:

அண்டர்கோட்டும் வேண்டாம், பட்டையும் வாங்காதீங்க. முதல்ல அளவெடுங்க.

வீல் ஆர்ச் உயரம் மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. அதுல டயர் காத்து, பட்டை, சேசிஸ், பாடி மவுண்ட் ரப்பர் (பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கிற மெத்தை), பின்னாடி லோடு ஏத்துற தொட்டியோட வளைவு எல்லாம் கலந்து வரும். ரெண்டு பக்கமும் டயர் காத்தைச் சமமாக்கிட்டு, ஆக்சில் குழாயோட மேல்பக்கத்துலருந்து சேசிஸ் ரெயிலோட (நீளவாட்டுச் சட்டம்) அடிப்பக்கம் வரைக்கும் அளங்க. இந்த இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா பட்டை குற்றவாளி இல்ல. பாடி மவுண்ட்டையும் தொட்டியையும் பாருங்க.

வித்தியாசம் இருந்தா, இன்னொரு சோதனையும் உண்டு. டார்ஷன் பார் வண்டியில முன் வலதை யாராவது கூடுதலா முறுக்கி வச்சிருந்தா, எடை மூலைவிட்டமா நகர்ந்து பின் இடது அமுங்கும். முன் கிராஸ் மெம்பரோட (ரெண்டு ரெயிலையும் இணைக்கிற குறுக்குச் சட்டம்) நடுவுல ஒத்தை ஜாக்கி வச்சு ரெண்டு முன்சக்கரத்தையும் தரையிலருந்து தூக்குங்க. பின்னாடி ஹேண்ட்பிரேக்கும் சக்கரக் கட்டையும் போட்டிருக்கணும். அடியில யாரும் போகக் கூடாது. அப்பவும் பின்னாடி சாஞ்சே நின்னா காரணம் பின்னாடிதான் இருக்கு. நேரானா கோளாறு முன்னாடி.

கூடவே முன் ஹப் நடுவுலருந்து பின் ஹப் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. ஸ்டியரிங் நேரா இருக்கணும்.

தீப்பொறி:

துரு விஷயத்துக்கு வர்றேன். மேல்பூச்சா இருக்கிற சிவப்புத் தூள் ஆபத்தில்ல. செதிலா உரியுதுன்னா இரும்போட கனம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். துரு அது தின்ன இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கும். அதனாலதான் பிராக்கெட்டுக்கும் ரெயிலுக்கும் நடுவுல புகுந்தா ரெண்டையும் பிளந்து, ரிவிட்டையே இழுத்துத் தளர்த்திடும். உங்க 'டங்' சத்தம் அங்கிருந்து வர வாய்ப்பு அதிகம்.

பெட்டி வடிவ ரெயில்னா வெளியில தெரியிறதை நம்பாதீங்க. சேறு உள்ள தங்கி, வடிகால் ஓட்டை அடைச்சு, உள்ளிருந்து வெளிய தின்னுக்கிட்டு வரும். அமெரிக்காவுல 1995–2000 டகோமா பிக்கப்களுக்கு டொயோட்டா 2008ல சேசிஸ் துரு உத்தரவாதத்தை 15 வருஷமா நீட்டிச்சு, மோசமானதையெல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டது; அதுக்கும் அடிப்படை போதாத துருப் பாதுகாப்புதான்.

உருண்டைத் தலைச் சுத்தியலால ரெயில் நெடுக ஒரு சாண் இடைவெளியில தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு கணீர்னு பேசும், அரிச்ச இடம் மந்தமா 'தொப்'னு கேக்கும். அங்க பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்தி நெம்புங்க. பின் ஆக்சிலுக்கு மேல ரெயில் வளையிற இடம், ஷேக்கிள் (பட்டையோட பின்முனையைப் பிடிக்கிற ஆடும் இணைப்பு) மாட்டுற இடம், ஸ்டெப்னி தொங்குற கிராஸ் மெம்பர், பிரேக் குழாய் கிளிப் இருக்கிற இடம், இதையெல்லாம் விட்டுடாதீங்க. பெயின்ட்ல மெல்லிசா ஒரு கோடு, அதுலருந்து சிவப்புத் தூள் வழிஞ்சிருந்தா அது விரிசல்.

அல்ட்ராசோனிக் கேஜ் (கனம் அளக்கிற கருவி) கிடைச்சா, நல்ல இடத்துல எவ்வளவு கனம்னு பார்த்து ஒப்பிடுங்க. என் கணக்குல கால் பங்குக்கு மேல கரைஞ்சிருந்தா பூச்சு வேலைக்கு இடமில்ல, வெட்டி ஒட்டணும். கன்வெர்ட்டர்ல இருக்கிற பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும் மெல்லிய துருவைத்தான் நிலையான படலமா மாத்தும். தடிச்ச செதிலுக்கு அடியில போகவே போகாது.

டபுள்கேப்:

அளந்தேன். ஆக்சில்–ரெயில் இடைவெளி இடது 118, வலது 141 மி.மீ. முன்னாடி நடுவுல தூக்கியும் சாய்வு அப்படியே இருக்கு. ஹப்லருந்து ஹப், இடது பக்கம் 8 மி.மீ. கூடுதல். பிராக்கெட்டுக்கு மேல சுமார் 90 மி.மீ. நீளத்துக்குச் சத்தம் மந்தம். ஒரு இடத்துல ஸ்க்ரூடிரைவர் உள்ள போயிடுச்சு. நல்ல இடத்துல கனம் 3.2 மி.மீ.

மட்டக்கோல்:

ரெயில்ல 23, ஆர்ச்சில 35. கணக்கு ஒத்துப்போகுது: ஆர்ச் ரெயிலைவிட ரொம்ப வெளிய இருக்கு, சாய்வு அங்க பெருசாத் தெரியும். பாடி மவுண்ட்டை விட்டுடலாம்.

8 மி.மீ.தான் முக்கியம். பின் ஆக்சில் எங்க நிக்கணும்னு தீர்மானிக்கிறது பட்டையோட முன்கண். பிராக்கெட் பின்னாடி நகர்ந்திருக்கணும், இல்லன்னா சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவுல கோக்கிற போல்ட்) அறுந்து ஆக்சில் பட்டை மேல வழுக்கியிருக்கணும். யூ போல்ட்டுக்கு (பட்டையை ஆக்சிலோட சேர்த்துப் பிடிக்கிற போல்ட்) நடுவுல பார்த்தா தெரியும்: சென்டர் போல்ட் தலை ஆக்சில் மெத்தையில இருக்கிற குழிக்குள்ள உட்கார்ந்திருக்கா? பட்டை மேல புதுசா பளபளன்னு உராய்ஞ்ச தடம் இருக்கா? முன்கண் மேல ஏறியிருந்தா அதுவும் சாய்வைக் கூட்டும். கண் 10 மி.மீ. ஏறினா ஆக்சில் கிட்டத்தட்ட அதுல பாதி ஏறும். அதனால புதுப் பட்டை மட்டும் போட்டிருந்தா சாய்வு முழுசாப் போகாது, பிராக்கெட் ஒருநாள் கழண்டு வரும்.

தீப்பொறி:

ஸ்க்ரூடிரைவர் உள்ள போன ரெயில்ல இனி லோடு ஏத்தாதீங்க.

முன்னாடி ஒண்ணு: ஹெவி லாரிகள்ல வர்ற வெப்பப் பதப்படுத்தின ரெயில்ல வெல்டிங் கூடாது, பெரும்பாலும் ரெயில்லயே எச்சரிக்கை ஒட்டியிருப்பாங்க. உங்க மாடலுக்குத் தயாரிப்பாளரோட பாடி ரிப்பேர் கையேடு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, கன்ட்ரோல் யூனிட் கனெக்டரையும் எடுத்துடுங்க. டீசல் டேங்க், குழாய், பிரேக் லைன் எல்லாம் அந்த இடத்துலருந்து விலகணும். பட்டை பாரம் இறங்கி, ரெயில் ரெண்டு பக்கமும் நல்ல இரும்புல ஸ்டாண்ட் மேல நேரா நிக்கணும். தொங்குற நிலையில வெல்ட் பண்ணினா வளைவையே நிரந்தரமாக்கிடுவீங்க. வேலைக்கு முன்னும் பின்னும் மூலைவிட்டம் அளங்க. சேசிஸ் ஓட்டைகள்லருந்து தூக்குக்குண்டு விட்டு தரையில புள்ளி வச்சா போதும்.

ரிவிட்டை கேஸ் கட்டிங்கால அறுக்காதீங்க. தலை நடுவுல பஞ்ச் அடிச்சு, சின்ன டிரில்லுலருந்து படிப்படியாப் பெருசாக்கி, உளியால தலையைத் தட்டிட்டு வெளிய தள்ளுங்க. அரிச்ச பகுதியைப் பளபளக்கிற இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல தகடு பொருத்தி விளிம்போட விளிம்பு வெல்ட். அதுக்கு மேல இன்னொரு வலுவூட்டல் தகடு, இருபுறமும் நல்ல இரும்புல 100 மி.மீ.யாவது ஏறி நிக்கணும். அந்தத் தகட்டோட முனையைச் செங்குத்தா வெட்டிடாதீங்க, சாய்சதுர வடிவுல முடிங்க. செங்குத்தான வெல்ட் கோடு ரெயிலைக் குறுக்க ஒரே இடத்துல பலவீனமாக்கும். அடுத்த விரிசல் அங்கதான் வரும். ரெயிலோட மேல், கீழ் ஃபிளேஞ்சுல (விளிம்புப் பட்டி) குறுக்க வெல்ட் வேண்டாம், ஓட்டையும் போடாதீங்க. வளைவுவிசை அங்கதான் உச்சத்துல இருக்கும். ஒரே மூச்சுல ஓட்டாம 30 மி.மீ. அளவுல விட்டு விட்டு இடம் மாத்தி ஓட்டுங்க. கால்வனைஸ் தகடுன்னா வெல்ட் பண்ற இடத்துல துத்தநாகத்தைச் சுரண்டி எடுங்க. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

பிராக்கெட்டை 10.9 கிரேட் ஃபிளேஞ்ச் போல்ட்டால மாட்டலாம். ஓட்டை போல்ட்டுக்கு இறுக்கமா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா திரும்பவும் 'டங்'தான்.

பூச்சுக்கு, சுத்தமான வெற்று இரும்புல ஜிங்க் பிரைமர், அது மேல சேசிஸ் பெயின்ட். உள்பக்கத்துக்கு நீள நாசில் வச்சு கேவிட்டி வேக்ஸ் (உள்வெற்றிடத்துல தெளிக்கிற மெழுகு), ஒவ்வொரு ஓட்டை வழியாவும். காய்ஞ்சு கெட்டியாகிற ரப்பர் அண்டர்கோட் விரிஞ்சா தண்ணியை அடியில பிடிச்சு வச்சுக்கும், துரு மறைவா வளரும். வடிகால் ஓட்டையை எதாலயும் அடைக்காதீங்க.

வில்பட்டை:

பட்டை மாத்துற பங்கை நான் சொல்றேன், இதைத்தான் பலர் அவசரத்துல கெடுக்கிறாங்க.

முன்கண் போல்ட் புஷ்ஷோட (கண்ணுக்குள்ள இருக்கிற ரப்பர் உறை) உள் குழாய்லயே பிடிச்சிருக்கும். நெருப்பு வைக்காதீங்க, டேங்க் பக்கத்துலயே இருக்கு. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ரெசிப்ரோ ரம்பத்தோட பிளேடு விட்டு ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. ஜோடியா ரெண்டு பக்கமும் மாத்துங்க, புஷ்ஷும் புது யூ போல்ட்டும் கண்டிப்பா. பழைய யூ போல்ட் ஏற்கெனவே இழுபட்டது, திரும்ப இறுக்கினா பிடி நிக்காது. நாலு நட்டையும் மூலைவிட்டமா மூணு, நாலு சுற்றுல, கையேட்டு டார்க் (இறுக்க அளவு) வரைக்கும் ஏத்துங்க.

கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் ஆக்சில் தொங்கும்போது முழுசா இறுக்காதீங்க. வண்டி தன் சொந்தக் கால்ல நின்ன பிறகுதான் இறுக்கணும். இல்லன்னா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாக் காட்டும். சில நூறு கி.மீ. ஓடினதும் யூ போல்ட்டைத் திரும்ப டார்க் பாருங்க.

ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட லோடு சென்சிங் வால்வ் இருக்கான்னு பாருங்க. இருந்தா, புதுப் பட்டை வண்டியைத் தூக்கினதும் அந்த வால்வ் வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு, லோடுலயும் பின் பிரேக்கைக் குறைச்சே குடுக்கும். கம்பி நீளத்தைக் கையேட்டு அளவுக்குச் செட் பண்ணிட்டு, அப்புறம் லோடு ஏத்துங்க.