பழைய கார்: பெட்ரோலா, டீசலா? வேலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு வந்தவர்களுக்கு

காட்பாடி தங்கச்சி, இப்போது லெஸ்டரில்:

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி வேலை, காலையில ஏழரைக்கு டியூட்டி. வீட்டுல இருந்து 4 மைல், அந்த நேரத்துக்கு பஸ் சரியா கிடைக்கிறதில்ல. மாசத்துக்கு ரெண்டு தடவை பர்மிங்காம் போகணும். கையில 3,500 பவுண்டு இருக்கு. 2013 டீசல் ஹேட்ச்பேக் ஒண்ணு 3,200-க்கு வருது. 28,000 மைல்தான் ஓடியிருக்கு, ஒரே ஓனர். டீசல்தான் மைலேஜ் தரும், இவ்வளவு கம்மியா ஓடின வண்டியை விடாதேன்னு வீட்டுக்காரர் சொல்றார். வாங்கலாமா?

ஆற்காட்டு அண்ணன், கராஜ் வேலை:

வேண்டாம் தங்கச்சி. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம், உங்கள் 4 மைலுக்கு அது ஆகாது. கம்மியாக ஓடியது என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படும் அந்த 28,000 மைல்தான் எனக்கு முதல் சந்தேகமே.

நம்ம ஊரில் டீசலுக்குச் சிக்கனம் என்று பேர் வந்ததில் நியாயம் உண்டு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை அது பெட்ரோலைவிட வெகு மலிவு; 2012-ல் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. பி.எஸ்.4 காலத்து ஸ்விஃப்ட் டீசலில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். கிடையாது. அண்ணா சாலை நெரிசலில் நாள் முழுக்க நின்று நின்று ஓட்டினாலும் தாங்கும். பிரிட்டனில் இந்த இரண்டு சலுகையும் இல்லை. இரண்டு எண்ணெய்க்கும் ஒரே வரி. 2022 மார்ச்சில் குறைத்தபோது லிட்டருக்கு 52.95 பென்ஸ் ஆனது. பங்கில் பெரும்பாலும் டீசல்தான் சில பென்ஸ் கூடுதல். ஊரில் டாக்சிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித் தள்ளிய அதே ஃபியட் 1.3 இன்ஜின்தான் இங்கே பழைய வாக்ஸ்ஹால் கோர்சா டீசலிலும் வருகிறது. ஆனால் 2011-லிருந்து இங்கே பதிவான டீசல் கார்களில் டி.பி.எஃப். இருக்கும். அது வந்ததும் ஓட்டும் முறையே மாற வேண்டியிருக்கிறது.

டி.பி.எஃப். கரித்துகளைப் பிடித்து வைக்கும், பிறகு எரித்துச் சாம்பலாக்கும். மோட்டார்வேயில் ஒரே வேகத்தில் போகும்போது புகைச்சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். ஊருக்குள் அந்தச் சூடு வராது. கரி ஓர் அளவு சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்கப் பார்க்கும். அதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும். உங்கள் 4 மைல் பயணம் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். டீசல் இன்ஜின் சூடாவதும் மெதுவாகத்தான், அதிலும் ஜனவரிக் காலையில் கேட்கவே வேண்டாம். சுத்தம் செய்யும் வேலை தொடங்கிய இடத்தில் நீங்கள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்தால் டர்போ பேரிங் தேயும். பக்கத்திலேயே, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து ஒட்டும். ஒரிஜினல் டி.பி.எஃப். மாற்ற ஆயிரம் பவுண்டைத் தாண்டலாம்.

பத்துப் பன்னிரண்டு வருட டீசல் 28,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குட்டிக் குட்டியாக ஓடிய வண்டி என்று அர்த்தம். அதே வயதில் மோட்டார்வேயில் 90,000 மைல் ஓடி, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த டீசலின் வடிகட்டி இதைவிட நன்றாக இருக்கும்.

எண்ணெய்ச் செலவைப் பார்ப்போம். இங்கே மைலேஜை எம்.பி.ஜி., அதாவது காலனுக்கு எத்தனை மைல், என்பார்கள். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், ஆகவே எம்.பி.ஜி.யை 0.354-ஆல் பெருக்கினால் நம்ம கணக்கு வரும். 45 என்றால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், 58 என்றால் இருபதரை. வருடம் 6,000 மைல், பெட்ரோல் வண்டி 45, டீசல் 58, விலை லிட்டருக்கு 1.35, 1.43 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 606 லிட்டர், 818 பவுண்டு. டீசல் 470 லிட்டர், 672 பவுண்டு. மிச்சம் 146 பவுண்டு. ஒரு டி.பி.எஃப். போனால் ஏழு வருட மிச்சம் அதோடு போகும். வருடம் 15,000 மைல் ஓடினால் மிச்சம் 365 ஆகும். அப்போது டீசலை யோசிக்கலாம். அன்றைய பங்க் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி. வரை போகிற மாதிரி ஓட்டம் என்றால் பெட்ரோல், யோசிக்கவே வேண்டாம். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை தினமும் நெடுஞ்சாலையில் போய் வருகிற மாதிரி, ஒரு பக்கம் 30 மைல் நிற்காத ஓட்டம் என்றால் யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம், நம்ம பி.எஸ். மாதிரி) டீசல் நியாயம்.

யூரோ 6 என்று சொல்லக் காரணம் உண்டு. உங்கள் 2013 டீசல் யூரோ 5. பர்மிங்காம் நகர மையத்தில் ஏ4540 வளையச் சாலைக்கு உள்ளே போனால் சுத்தக் காற்றுக் கட்டணம் நாளுக்கு 8 பவுண்டு. கட்ட மறந்தால் 120 அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டனில் இதே மாதிரிக் கட்டணமான யூலெஸ் நாளுக்கு 12.50, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா பரோவுக்கும் (வட்டாரத்துக்கும்). பெட்ரோலுக்கு யூரோ 4 இருந்தாலே போதும், பொதுவாக 2006-லிருந்து பதிவான வண்டி. டீசலுக்கு யூரோ 6, அதாவது 2015 செப்டம்பருக்குப் பிறகு. அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டாலே தெரிந்துவிடும்.

காட்பாடி தங்கச்சி:

அண்ணா, அப்போ பெட்ரோலே பார்க்கிறேன். எந்த வண்டி? போய்ப் பார்க்கும்போது எதை எதைப் பார்க்கணும்?

ஆற்காட்டு அண்ணன்:

டர்போ இல்லாத, டைமிங் செயின் போட்ட சின்ன இன்ஜின் பாருங்கள். ஹோண்டா ஜாஸ் 1.2 அல்லது 1.4, டொயோட்டா யாரிஸ் 1.33, சுசுகி ஸ்விஃப்ட் 1.2, ஹூண்டாய் ஐ10 1.2. முதல் தலைமுறை ஐ10 நம்ம ஸ்ரீபெரும்புதூரில் செய்து இங்கே கப்பலில் வந்த வண்டி, பாகங்கள் மலிவு. யாரிஸ் ஹைப்ரிட் உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் நகர ஓட்டத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ-சிட்ரோன் 1.2 ப்யூர்டெக் பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டிலும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுற்றும் மாடல்கள் உண்டு. தவறான ஆயில் ஊற்றினாலோ, குட்டிப் பயணத்தில் ஆயிலில் பெட்ரோல் கலந்தாலோ ரப்பர் இளகும். உதிர்ந்த துகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்து, பிரஷர் இறங்கி இன்ஜினே போகும். பெல்ட் மாற்றியதற்கும் சரியான ஆயில் ஊற்றியதற்கும் பில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் அரசு தளத்தில் எம்.ஓ.டி. (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள், இலவசம். மைல் எண் வருடா வருடம் ஏறுகிறதா, எங்காவது இறங்குகிறதா? "அட்வைசரி" (எச்சரிக்கைக் குறிப்பு) என்று எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். பிரேக் பைப் துரு, சில் (கதவுக்குக் கீழ்ச் சட்டம்) துரு என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால் யாரும் தொடவில்லை என்று தெரிகிறது. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள், துருதான் முதல் எதிரி. பத்துப் பதினைந்து பவுண்டு செலவில் தனியார் ரிப்போர்ட் ஒன்று எடுத்து, கடன் பாக்கி, திருட்டு, இன்சூரன்ஸ்காரர் கழித்துப்போட்ட எஸ், என் வகை எல்லாம் பாருங்கள்.

நேரில் போனதும் முதல் வேலை, பானட்டில் கையை வைப்பது. சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறிய இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் செயின் கடகடப்பு கேட்கும், நீலப் புகை தெரியும். சாவியைப் போட்டதும் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். வண்டியின் பழுதுக் குறியீட்டை (கோடு) படிக்கும் ஓ.பி.டி. ரீடர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கோடு எதுவும் இல்லை என்று காட்டினாலும் விடாதீர்கள். வண்டி தன்னையே சோதிப்பதைக் காட்டும் "ரெடினஸ் மானிட்டர்" பக்கத்தில் பாதிச் சோதனை முடியாமல் நின்றால் காலையில்தான் அந்தக் குறியீட்டை அழித்திருக்க வாய்ப்பு உண்டு.

டீசல் பார்க்கிறவர்களுக்கு இரண்டு சோதனை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டியிருந்து டீசல் வாடை அடித்தால், சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று நின்று ஆயிலில் டீசல் சேர்ந்திருக்கிறது. அப்புறம், ஆறிய சைலன்சர் குழாய்க்குள் வெள்ளை டிஷ்யூவைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்தால் டிஷ்யூவில் லேசான அழுக்குதான் வரும். கன்னங்கரேல் என்று மை மாதிரி அப்பினால் டி.பி.எஃப். உடைந்திருக்கிறது, இல்லை உள்ளே குடைந்து எடுத்துவிட்டார்கள்.

குடியாத்தம் அக்கா, இன்சூரன்ஸ் வேலை:

தம்பி வண்டியைச் சொன்னார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். எண்ணெயில் மிச்சம் பிடிப்பதைவிட இன்சூரன்ஸில் அதிகம் போகும் கண்ணு. இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதை மாற்றித் தரமாட்டார்கள். ப்ரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸ் எடுத்து, தியரியும் ப்ராக்டிகலும் பாஸ் ஆகணும். வந்த மாதமே ஆரம்பித்துவிடு, டெஸ்ட் தேதி கிடைப்பது கஷ்டம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி நம்பர் பிளேட்டை வைத்து இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று கோட் எடு. கார்களை 1 முதல் 50 வரை குரூப் பிரித்திருப்பார்கள், சின்ன நம்பர் மலிவு. வேலைக்குப் போய்வருவதற்கு "கம்யூட்டிங்" என்று சேர்க்க மறக்காதே. பிரீமியம் குறையும் என்று சொந்தக்காரர் பேரை மெயின் டிரைவராகப் போடச் சொல்வார்கள், கேட்காதே. அது மோசடி, விபத்து நடந்தால் பணம் வராமல் போகலாம்.

ரோட் டாக்ஸ் வண்டியோடு சேர்ந்து வராது. வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் பச்சைச் சீட்டை வாங்கி, அதிலிருக்கும் எண்ணை வைத்து நீ டாக்ஸ் கட்டிய பிறகுதான் எடுக்கணும். 2001 மார்ச்சிலிருந்து 2017 மார்ச் வரை பதிவான வண்டிக்குக் கார்பன் அளவுப்படி வரி. கிலோமீட்டருக்கு 111 முதல் 120 கிராம் என்றால் 2025-26-ல் 35 பவுண்டுதான். அதற்குப் பிறகு பதிவானதுக்கு அதே வருடம் 195. உன் பட்ஜெட்டுக்குப் பழைய கணக்குதான் லாபம்.

ராணிப்பேட்டை தம்பி, ஸ்டுட்கார்ட்:

அண்ணா, ஜெர்மனியிலும் இதே கணக்குதானா? இங்கே டீசல் மலிவா இருக்கே.

ஆற்காட்டு அண்ணன்:

அங்கே டீசலுக்கு எண்ணெய் வரி குறைவு, ஆனால் வண்டி வரியில் திருப்பி வாங்கிவிடுவார்கள். ஒவ்வொரு 100 சி.சி.க்கும் பெட்ரோலுக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50, அதற்கு மேல் கார்பன் தொகை தனி. 1,600 சி.சி. என்றால் 32-க்கு 152. அதனால் அங்கேயும் அதிகம் ஓடுகிறவருக்குத்தான் டீசல். ஸ்டுட்கார்ட்டில் பழைய டீசலுக்குத் தடையும் உண்டு, யூரோ 5-க்குக் கீழே தொடாதே. 5-ஐயும் நீ போகிற பகுதியில் தடை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. இந்திய லைசென்ஸ் அங்கே ஆறு மாதம்தான்.

ஆம்பூர் தம்பி, கவென்ட்ரி:

அண்ணா, நான் போன மாசமே டீசல் வாங்கிட்டேன். இப்போ டி.பி.எஃப். மஞ்சள் லைட் எரியுது. என்ன பண்றது?

ஆற்காட்டு அண்ணன்:

பயப்படாதே, ஆனால் தள்ளிப்போடாதே. டாங்க்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கணும், குறைந்தால் பல வண்டி எரிக்கும் வேலையைத் தொடங்கவே தொடங்காது. ஆயில் மட்டத்தைப் பார். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் முதலில் ஆயிலை மாற்று, டி.பி.எஃப். வண்டிக்கான லோ-சாப்ஸ் ஆயில்தான் ஊற்றணும். சரியாக இருந்தால் மோட்டார்வேயில் ஏறி, ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வைத்து, இருபது நிமிடம் நிற்காமல் போ. லைட் அணைந்துவிடும். வேலை நடக்கும்போது ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் வேகம்) ஏறும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, நிறுத்தினாலும் ஃபேன் சுற்றும், சூட்டு வாடை வரும். அந்த அடையாளம் தெரிந்தால் வீட்டு வாசலுக்கு வந்திருந்தாலும் இன்னொரு சுற்று போய் வா.

இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்து வண்டி இழுக்காமல் போனால் ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காதே. கராஜில் கோடு படிக்கச் சொல். பி2463 என்றால் கரி அதிகம், மெஷின் போட்டு எரிக்கலாம். பி242எஃப் என்றால் சாம்பல் நிறைந்துவிட்டது, சாம்பல் எரியாது, கழற்றிக் கழுவணும் இல்லை மாற்றணும். சும்மா மாற்றச் சொன்னால், பிரஷர் சென்சரையும் அதன் ரப்பர் ட்யூபையும் முதலில் பார்க்கச் சொல். ட்யூப் வெடித்திருந்தாலும் இதே லைட்தான் எரியும், செலவு அதில் ஒரு சின்னப் பங்கு. டி.பி.எஃப்.-ஐயே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. 2014 பிப்ரவரியிலிருந்து அது இல்லாத வண்டி எம்.ஓ.டி.யில் ஃபெயில், ரோட்டில் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.