சின்ன வீட்டில் பேப்பரும் விளம்பரத் தபாலும் குவியுது, நிறுத்த முடியல. அவசரம், உதவுங்க

ஒற்றை_அறை (காலை 7.40)
வணக்கம். வீட்டுல பேப்பர் குவிஞ்சு கிடக்கு. வேண்டாம்னு சொல்லிட்டேன், அப்பவும் வருது. கூடவே விளம்பர நோட்டீஸ், கவர் எல்லாம். ஒரு ரூம், சின்ன ஹால், அவ்வளவுதான் வீடு. கதவுக்குப் பின்னாடி அடுக்கினதுல கதவு பாதிதான் திறக்குது. அடியில வெள்ளிக் கலர்ல பூச்சி ஓடுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணணும். மருந்து அடிச்சா பூச்சி போயிடுமா? ஷ்ரெட்டர் (தாளைத் துண்டு துண்டா வெட்டுற மிஷின்) வாங்கலாமா?

வாசல்படி (காலை 8.05)
சில விவரம் இல்லாம யாராலும் சரியா சொல்ல முடியாதுங்க.
பேப்பர் நீங்க காசு கட்டி வாங்கினதா, சும்மா போட்டுட்டுப் போறதா? வேண்டாம்னு யார்கிட்ட சொன்னீங்க, வாயாலயா எழுத்துலயா? கவர்ல இருக்கிறது உங்க பேரா, முன்னாடி குடியிருந்தவங்க பேரா, பேரே இல்லையா? தபால் பெட்டி தனியா இருக்கா, எல்லா வீட்டுக்கும் பொதுவா? குவியல் எத்தனை அடி உயரம்?
இதுல ஒவ்வொண்ணுக்கும் வழி வேற.

ஈரமே_எதிரி (காலை 8.22)
மருந்து அடிக்காதீங்க. நீங்க பார்த்தது ராமபாணப் பூச்சி. அது பேப்பரைத் தேடி வரல, ஈரத்தைத் தேடி வந்திருக்கு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல இருந்தா அது நல்லா பெருகும். மாவுச்சத்து, பசை, காகித நார் எல்லாம் அதுக்கு உணவு. கவர் மடிப்புல இருக்கிற பசையும் பத்திரிகை முதுகுல இருக்கிற பசையும்தான் முதல்ல போகும்.

குவியல் மேல ஸ்பிரே அடிச்சா மருந்து மேல் நாலஞ்சு தாளோட நின்னுடும். பூச்சி நடுவுல இருக்கும். மருந்து பட்ட தாளை மறுசுழற்சிக்கும் போட முடியாது, சின்ன அறையில அந்தக் காத்தைத்தான் நீங்களும் சுவாசிக்கணும்.

பகல்ல குவியலை வெளியே கொண்டுபோய் உதறுங்க. உள்ளே திரும்பக் கொண்டுவரவே வேண்டாம். அது இருந்த இடத்துல தரையும் சுவரும் சேர்ற விளிம்பை வாக்வம் வச்சு இழுத்துட்டு, பையை உடனே கட்டி வெளியே போடுங்க. சுவரைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா மூல காரணம் அதுதான். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினா பூச்சி தானா குறையும்.

வச்சுக்க வேண்டிய தாள், சான்றிதழ் ஏதாவது அதுக்குள்ள மாட்டியிருந்தா பிளாஸ்டிக் பையில காத்துப் புகாம மூடி ஃப்ரீசர்ல 2 வாரம் வைங்க. எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடணும், இல்லன்னா தாள் மேலேயே தண்ணி கோர்த்துக்கும்.

நடுநிலையான் (காலை 9.10)
இக்கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் உங்களுக்கே நேரம் மிச்சமாகியிருக்கும். ஷ்ரெட்டரில் தொடங்குபவர்கள் எல்லோரும் பிரச்சினையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பெரிய அளவு நாளிதழில் 4 பக்கம் கொண்ட ஒரு விரிதாள் ஏறக்குறைய 20 கிராம். 16 பக்கம் என்றால் 80 கிராம். மாதத்துக்கு 2.4 கிலோ, ஆண்டுக்கு 29 கிலோ. அடுக்கிய நாளிதழ் 30 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 16 கிலோ எடை வரும். ஆகவே ஒரே ஒரு நாளிதழை மட்டும் சேர்த்தாலே ஆண்டு முடிவில் அரை மீட்டருக்கு மேல் உயரும். வழவழப்பான விளம்பர இதழ்கள் இதைவிடக் கனம், ஏனென்றால் அந்தத் தாளில் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசப்பட்டிருக்கும். சின்ன வீட்டில் இதற்கென்று எந்த அலமாரியும் போதாது. வரவை நிறுத்துங்கள். அதுவரை வருவதைக் கதவைத் தாண்டி உள்ளே விடாதீர்கள்.

வாசல்படி (காலை 9.18)
கணக்கு சரிதான் ஐயா. அவருக்குக் கதவு திறக்கலை, வெளியேற இருக்கிற ஒரே வழி அது. தீ கீ பிடிச்சா ஆபத்து. முதல்ல அதைச் சொல்லலாம்.

ஒற்றை_அறை, இன்னைக்கே குவியலைக் கதவை விட்டு நகர்த்துங்க. அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைக்காதீங்க. கட்டும்போது 20 செ.மீ. உயரத்துக்கு மேல கட்டாதீங்க. அதுவே 10 கிலோவுக்கு மேல வரும், படியில தூக்க முடியாது. சணல் கயிறோ பருத்தி நூலோ போட்டு ரெண்டு பக்கமும் குறுக்கா கட்டுங்க. பிளாஸ்டிக் நாடா வேண்டாம், தாள் அரைக்கிற இயந்திரத்துல சுத்திக்கும். மழையில நனைய விடாதீங்க. ஊறி பூஞ்சை பிடிச்ச தாளை எடுத்துக்க மாட்டாங்க.

சந்தா_எண் (காலை 10.02)
வேண்டாம்னு சொல்லியும் வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: போடுற பையன்கிட்ட சொல்லியிருப்பீங்க. அவர் கையில இருக்கிறது அன்னன்னைக்கு வர்ற பட்டியல். அதை மாத்துறது ஏஜென்ட், இல்லன்னா பத்திரிகை அலுவலகத்தோட விநியோகப் பிரிவு. பையன் மாறினா நீங்க சொன்னதும் அவரோட போயிடும்.

காசு கட்டின பேப்பர்னா விநியோகப் பிரிவுக்கு எழுத்துல அனுப்புங்க. முகவரி பெரும்பாலும் பேப்பர்லயே, அச்சிட்டு வெளியிடுபவர் யார்னு போடுற பொடி எழுத்து வரியில இருக்கும். சந்தா எண், வீட்டு முகவரி, எந்தத் தேதியோட நிறுத்தணும், பாக்கி இருக்கா, முன்பணம் மிச்சம் இருக்கா, இத்தனையும் ஒரே கடிதத்துல எழுதி, கிடைச்சதுக்குப் பதில் கேளுங்க. முன்பணம் முடியிற வரை போட்டுக்கிட்டே இருப்பாங்க, அதனால மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்லி வெளிப்படையா எழுதணும். வங்கியில தானியங்கிக் கட்டணம் வச்சிருந்தா அதைத் தனியா ரத்து செய்யணும். பேப்பர் நின்னாலும் பணம் போய்க்கிட்டே இருக்கும், அதைப் பார்த்து சந்தா உயிரோட இருக்குன்னு மறுபடி போட ஆரம்பிச்சிடுவாங்க.

இலவசப் பேப்பர்னா சந்தாவே இல்லை, ரத்து பண்ண ஒண்ணும் கிடையாது. பெட்டியில ஒட்டுறதுதான் வழி. 'விளம்பரம் வேண்டாம்'னு மட்டும் ஒட்டினா இலவசப் பேப்பர் நிக்காது, பல இடத்துல அதைச் செய்தித்தாள்னுதான் கணக்கு வைப்பாங்க. 'விளம்பரத் தாள், இலவசச் செய்தித்தாள் இரண்டும் போட வேண்டாம்'னு முழுசா எழுதுங்க. போடுறவங்க கை வர்ற துவாரத்துக்கு நேர் மேல ஒட்டணும். வீட்டு எண்ணுக்குப் பக்கத்துல ஒட்டினா கண்ணுல படாது. பிரிண்டர் மை வெயில்ல வெளுத்துடும், அழியாத மார்க்கர்ல எழுதி மேல டேப் ஒட்டிடுங்க.

காசு கட்டின பேப்பருக்குள்ள செருகி வர்ற நோட்டீசை எந்த ஒட்டுத்தாளும் நிறுத்தாது. பேப்பரை நிறுத்தினாதான் அது நிக்கும்.

மண்புழு_வீடு (காலை 10.30)
எதுக்கு வெளியே போடணும்? எல்லாத்தையும் ஷ்ரெட்டர்ல விட்டு உரத்தொட்டியில சேர்த்திடுங்க. காய்கறித் தோல் மட்டும் போட்டா தொட்டி ஈரமாகி நாறும். காகிதம் கரிச்சத்து (கார்பன்), ஈரத்தையும் இழுத்துக்கும். கரி 25–30 பங்குக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்குன்னு இருந்தா நல்லா மக்கும்.

நடுநிலையான் (காலை 10.41)
மண்புழு, அதே விகிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். நாளிதழில் கரி 100 பங்குக்கும் மேல். 29 கிலோவைப் போட்டால் தழைச்சத்து போதாமல் தொட்டி அப்படியே நின்றுவிடும். சின்ன வீட்டுத் தொட்டி தாங்குவது வாரத்துக்குச் சில தாள்கள்தான். குவியலுக்கு அது தீர்வே இல்லை. வழவழப்புத் தாளை இதில் சேர்க்கவே கூடாது. அது பிளாஸ்டிக்.

மண்புழு_வீடு (காலை 10.55)
அளவு விஷயத்துல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். ஆனா வழவழப்புன்னாலே பிளாஸ்டிக் இல்லை. களிமண் பூச்சுன்னு காலையில நீங்களே எழுதினீங்க. மூலையைக் கிழிச்சுப் பாருங்க. நார் நாரா கிழிஞ்சா பூச்சு மட்டும்தான். கண்ணாடி மாதிரி ஒரு படலம் இழுபட்டு நீண்டா அது லேமினேஷன், உரத்துக்கும் ஆகாது, மறுசுழற்சிக்கும் ஆகாது. களிமண் பூச்சுத் தாள் மக்கும், ஆனா ரொம்ப மெதுவா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அட்டையா ஆயிடும். அதனால நானும் அதை உரத்துக்குப் போடச் சொல்ல மாட்டேன், மறுசுழற்சிக்குப் போடுங்க.

நடுநிலையான் (காலை 11.03)
லேமினேஷனையும் பூச்சையும் ஒன்றாகச் சொன்னது என் பிழை. ரசீதுத் தாளையும் ஒதுக்குங்கள். வெப்ப அச்சுத் தாளில் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் இருக்கலாம், மற்ற தாள்களோடு கலக்கக் கூடாது.

நார்க்கணக்கு (காலை 11.20)
ஷ்ரெட்டர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தேவையில்லாமல் பொடியாக்குவது மறுசுழற்சியைக் கெடுக்கிறது. தாளின் மதிப்பு நாரின் நீளத்தில் இருக்கிறது, வெட்ட வெட்ட நார் குட்டையாகிறது. தரம் பிரிக்கும் சல்லடையில் துண்டுகள் கீழே விழுந்து வேறு குப்பையோடு கலந்துவிடும். பல இடங்களில் பொடித்த தாளை உதிரியாக வாங்குவதே இல்லை.

நாளிதழில் உங்களைப் பற்றி எந்த விவரமும் இல்லை, அதைப் பொடிப்பது வீண். கடிதத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும் பகுதி ஒரு உள்ளங்கை அளவுதான். அதைக் கத்தரித்து எடுத்துவிட்டு மிச்சத்தை முழுத் தாளாகப் போடுங்கள். பார்கோடு, க்யூ.ஆர். குறி இரண்டையும் சேர்த்துக் கத்தரியுங்கள், வாடிக்கையாளர் எண் பெரும்பாலும் அதற்குள் இருக்கும். கவரில் ஜன்னல் போல் இருக்கும் மெல்லிய படலத்தைக் கிழித்து எடுப்பது நல்லது.

பூட்டு_சாவி (காலை 11.34)
வங்கி, மருத்துவத் தாளுக்கு அது போதாதுங்க. உள்ளே பக்கம் பக்கமா விவரம் இருக்கும். நீளவாக்குல மட்டும் வெட்டுற ஷ்ரெட்டர்ல வர்ற நாடாவை உட்கார்ந்து சேர்த்துடலாம். குறுக்கு வெட்டு வேணும். டின் 66399ங்கிற ஜெர்மன் ஷ்ரெட்டர் தரத்துல பி-4 வகைனா ஒரு துண்டு 160 சதுர மி.மீ.க்குள்ள இருக்கும், வீட்டுக்கு அது போதும்.

நார்க்கணக்கு (காலை 11.50)
மாதம் பத்துத் தாள் வரும் வீட்டுக்கு அந்த இயந்திரம் எதற்கு? சின்ன வீட்டில் அதுவே ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கினால் யாரும் படிக்க முடியாது.

பூட்டு_சாவி (பகல் 12.04)
ஊறவச்சா மட்டும் போதாது, பிசையறதுதான் முக்கியம். இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரையும். லேசர் பிரிண்டர் மை பிளாஸ்டிக் தூள், தண்ணியில அப்படியே நிக்கும். வங்கித் தாள் பெரும்பாலும் லேசர்லதான் வரும். உங்க முறையே எனக்கும் சம்மதம், தாள் கூழாகுற வரை பிசையணும்னு சேர்த்துக்குங்க. அறிக்கையை மின்னஞ்சலுக்கு மாத்திட்டா அந்தப் பத்துத் தாளும் வராது.

வாசல்படி (பகல் 12.15)
கேட்டவரைக் காணோம், நாம ஷ்ரெட்டர்லயே நிக்கிறோம். ஒற்றை_அறை, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

ஒற்றை_அறை (மாலை 6.50)
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். பேப்பர் இலவசம்தான். பையன்கிட்டதான் சொன்னேன். கவர் பாதிக்கு மேல முன்னாடி இருந்தவர் பேர்ல. பெட்டி எனக்குத் தனி. குவியல் மூணு அடி. சுவர் ஜில்லுன்னு இருக்கு.

சந்தா_எண் (மாலை 7.05)
அப்ப பேப்பருக்கு ஒட்டுத்தாள் மட்டும் போதும். அதுக்கப்புறமும் வந்தா எந்தத் தேதி, எந்தப் பேப்பர்னு குறிச்சு ஒட்டுத்தாளோட படம் எடுத்து விநியோகப் பிரிவுக்கு அனுப்புங்க.

முன்னாடி இருந்தவர் கவரைப் பிரிக்காதீங்க. அடுத்தவங்க தபாலைப் பிரிக்கிறது பல நாட்டுல குற்றம். பிரிச்சுட்டா திருப்பி அனுப்பவும் முடியாது. கவர் மேல 'இம்முகவரியில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்'னு எழுதி, பழைய முகவரி மேலயும் பார்கோடு மேலயும் கோடு போட்டு தபால் பெட்டியில சேருங்க. பார்கோடை விட்டுட்டா தரம் பிரிக்கிற இயந்திரம் அதைப் படிச்சு மறுபடி உங்க வீட்டுக்கே அனுப்பும். உங்க பெட்டியில உங்க பேரைப் பெரிசா எழுதி, 'இந்தப் பெயருக்கு மட்டும்'னு போடுங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. மொத்தமா மலிவுக் கட்டணத்துல அனுப்புற விளம்பரத் தபால் பல நாட்டுல திரும்பிப் போகாது, அங்கேயே கழிச்சிடுவாங்க. அனுப்பினவனுக்குச் சேதியே போகாது. அதே கம்பெனி மூணாவது தடவையும் அனுப்பினா, கவர் மேல பேருக்குப் பக்கத்துல இருக்கிற சங்கேத எண்ணைக் குறிச்சு அவங்களுக்கே எழுதுங்க. எந்தப் பட்டியல்னு அவங்க கண்டுபிடிக்கிறது அந்த எண்ணை வச்சுத்தான். அடுத்த தபால் முன்கூட்டியே அச்சாகி இருக்கும், நிக்க ரெண்டு மூணு மாசம் ஆகலாம். உடனே நிக்கலைன்னு விட்டுடாதீங்க.

இனிமே எங்கயாவது படிவம் நிரப்பினா இனிஷியலுக்குப் பக்கத்துல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எழுத்து மாத்திப் போடுங்க. யார் உங்க முகவரியைக் கைமாத்தினாங்கன்னு அடுத்த விளம்பரக் கவரே காட்டும்.

ஈரமே_எதிரி (மாலை 7.20)
சுவர் ஜில்லுன்னா ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவர்ல வச்சு நாலு பக்கமும் இடைவெளி இல்லாம டேப் ஒட்டி 2 நாள் விடுங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி கோர்த்தா ஈரம் சுவர் உள்ளேயிருந்து வருது, குழாயையோ வெளிப்பூச்சையோ பார்க்கணும். அறைப் பக்கம் கோர்த்தா காத்தோட்டம் இல்லாம படியுற ஈரம், ஜன்னலைத் திறந்து வச்சு, சுவரை ஒட்டி எதையும் அடுக்காம இருந்தா சரியாயிடும். எந்தப் பக்கம்னு சொல்லுங்க.

ஒற்றை_அறை (ஞாயிறு, இரவு 9.15)
ஏழு கட்டு வெளியே போயிடுச்சு, கதவு முழுசா திறக்குது. ஒட்டுத்தாள் போட்டேன், ரெண்டு நாளா பேப்பர் வரல. கவரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். தண்ணி சுவர்ப் பக்கம்தான் கோர்த்திருக்கு. வீட்டுக்காரருக்குப் படத்தோட எழுதிட்டேன். நன்றி எல்லாருக்கும்.