தொடை இடுக்கு அரிப்பு: ட்யூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது

திருப்பூர்க்காரன்:
வயது 34. பனியன் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷன், நாள் முழுக்க நீராவியும் வியர்வையும்தான். சித்திரையில் தொடை இடுக்கில் ஆரம்பித்த அரிப்பு இப்போது பெல்ட் போடும் இடம் வரைக்கும் வட்ட வட்டமாக ஏறிவிட்டது. ஓரம் சிவந்து பொரிப் பொரியாகத் தடித்திருக்கிறது, நடுவில் கருத்துப் போயிருக்கிறது. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிட அகலமாக வருகிறது. இப்போது மனைவிக்கும் வயிற்றில் ஒரு வட்டம். ரத்தம் கெட்டிருக்கிறது என்று அம்மா சொல்லி கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாச்சு, ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்யலாம்?

வெயிலான்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் படர்தாமரை மாதிரிதான் தெரிகிறது, அது பூஞ்சை, கத்தரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் அந்த ட்யூபின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று என்று கலந்துகட்டி விற்பார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும்போதே பூஞ்சையை எதிர்க்கிற தோலின் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடும், அதனால்தான் உங்களுக்குச் சுகமாக இருக்கிற நாளிலேயே அது பரவுகிறது. இடுக்கில் தோல் மெல்லியது, மாதக்கணக்கில் போட்டால் பிரசவ வரி மாதிரி கோடு விழும், அது மறையாது. நிறுத்தினதும் கொஞ்ச நாள் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து மறுபடி அதே ட்யூபை எடுக்கிற இடத்தில்தான் பாதிப்பேர் மாட்டுகிறார்கள்.

ஈரோடு அக்கா:
தம்பி, இனி மெடிக்கல் வேண்டாம், தோல் டாக்டரிடம் போங்கள், மனைவியையும் அதே நாளில் கூட்டிப் போங்கள். ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பரவியிருந்தால் இட்ரகோனசோல், டெர்பினாபின் மாதிரி மாத்திரை வாரக்கணக்கில் தருவார்கள், ஈரல் கோளாறு, வேறு மாத்திரை, மனைவி கர்ப்பம் என்று எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். க்ரீமை வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் தடவ வேண்டும், மறைந்துவிட்டதே என்று அன்றைக்கே நிறுத்தக் கூடாது. துண்டு ஆளுக்கொன்று, ஈர ஜட்டி கூடாது, துணி வெயிலில் காயட்டும். நீங்கள் அயர்னிங் ஆள், ஜட்டிக்கும் ஒரு தேய் தேய்த்தால் என்ன! ஒரு தடவை சுகரும் பார்த்துவிடுங்கள்.

மலைக்கோட்டை:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. வட்டம் இல்லாமல் விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொடிப் பொடியாக இருந்து, ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்து, வீட்டில் எல்லோரும் சொறிந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். பெர்மெத்ரின் 5% க்ரீமை வீடு மொத்தமும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே தடவி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், அதுவரை பொறுக்க வேண்டும். தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் அரித்தால் ரத்தப் பரிசோதனைதான், கிட்னி, ஈரல், தைராய்டு எதுவாகவும் இருக்கலாம்.

திருப்பூர்க்காரன்:
பார்த்தேன், குளோபெட்டாசால்தான். அம்மா சீமை அகத்தி இலையை எலுமிச்சம்பழத்தோடு அரைத்துப் போடச் சொல்கிறார், அதுவரை போடலாமா?

ஈரோடு அக்கா:
சொறிந்து புண்ணான இடத்தில் எலுமிச்சையா? வேண்டவே வேண்டாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அதனால் போகும்வரை எதையும் தடவாமல் இருங்கள், ட்யூபைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.